பாலுக்கு ஒரே விலை, தட்டுக்கு ஊருக்கொரு விலை: தீவனச் சந்தையும் நிலமற்றோரின் மாடும்

பாலுக்கு ஆவின் நிர்ணயிக்கும் கொள்முதல் விலை தமிழ்நாடு முழுவதற்கும் ஒன்றே. 2022 நவம்பரில் பசும்பால் லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2023 டிசம்பர் 18 முதல் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்க்கப்பட்டது. கொழுப்பும் கொழுப்பற்ற திடப்பொருளும் உரிய அளவில் இருந்தால் தஞ்சாவூரில் பால் ஊற்றுபவருக்கும் கிணத்துக்கடவில் பால் ஊற்றுபவருக்கும் கிடைப்பது ஒரே தொகை.

அந்தப் பாலைத் தரும் மாடு தின்னும் தீவனத்துக்கு இத்தகைய பொது விலை கிடையாது. வைக்கோலும் சோளத்தட்டும் வட்டாரத்துக்கு வட்டாரம், மாதத்துக்கு மாதம் விலை மாறுகின்றன. இந்த வேறுபாட்டை மழையும் தூரமும் ஏற்படுத்துவதாகவே வேளாண் அறிக்கைகள் பொதுவாக விளக்குகின்றன. அந்த விளக்கம் சரியானது; ஆனால் முழுமையற்றது. ஒரே ஊரின் எல்லைக்குள்ளேயே தீவனத்துக்கு இரண்டு விலைகள் நிலவுகின்றன. நிலம் வைத்திருப்பவர் அடையும் விலை ஒன்று. நிலமற்றவர் கொடுக்கும் விலை மற்றொன்று. இக்கட்டுரை இரண்டு வேறுபாடுகளையும் கிணத்துக்கடவு வட்டாரத்தை மையமாகக் கொண்டு விளக்குகிறது.

தீவனம் எத்தகைய சரக்கு?

தீவனத்தை மூன்றாகப் பகுப்பது வழக்கம். சோளத்தட்டு, வைக்கோல், நிலக்கடலைக் கொடி முதலியவை உலர் தீவனம். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், தீவனச் சோளம், வேலிமசால், அகத்தி முதலியவை பசுந்தீவனம். புண்ணாக்கு, தவிடு, ஆலைகளில் தயாராகும் கலப்புத் தீவனம் ஆகியவை அடர்தீவனம்.

அடர்தீவனம் மூட்டையாக விற்கப்படுகிறது. எடை குறைவு, மதிப்பு அதிகம் என்பதால் அதன் விலை மாநிலம் முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. பசுந்தீவனத்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் நீர். அதை லாரியில் ஏற்றித் தொலைவு கொண்டுசெல்வது நீரைச் சுமப்பதற்கு ஒப்பாகும். இரண்டு நாளில் வாடியும் போகும். ஆகவே பசுந்தீவனச் சந்தை சில கிலோமீட்டர் வட்டத்துக்குள் முடிந்துவிடுகிறது. அவ்வட்டத்துக்குள் பாசன நிலம் யாரிடம் இருக்கிறதோ அவரே விலையைத் தீர்மானிக்கிறார்.

உலர் தீவனம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. காய்ந்திருப்பதால் கெடாமல் பயணம் செய்யும். ஆனால் எடைக்கு மிஞ்சிய இடத்தை அடைத்துக்கொள்ளும். வைக்கோல் ஏற்றிய லாரி, தன் எடைத்திறனை எட்டுவதற்கு வெகு முன்பே உயரத்தில் நிரம்பிவிடுகிறது. முழு வாடகையும் அந்தச் சில டன்களின்மீதே விழுகிறது. இயந்திரத்தில் இறுக்கிக் கட்டினால் கூடுதலாக ஏற்றலாம். அப்போது கட்டுக்கூலி சேர்கிறது. ஏற்றுகூலி, இறக்குகூலி, இடைத்தரகு ஆகியவையும் கூடும்போது, வயலில் மலிவாகக் கிடந்த வைக்கோல் 250 கிலோமீட்டர் கடந்தபின் வேறொரு சரக்காகிவிடுகிறது.

டெல்டா, கொங்கு, கேரளம்

காவிரி டெல்டாவில் வைக்கோல் நெல்லின் உடன்விளைபொருள். சம்பா, தாளடி அறுவடை நடக்கும் தை, மாசி மாதங்களில் வயலெங்கும் ஒரே நேரத்தில் வைக்கோல் குவிகிறது. அடுத்த வேலைக்கு வயலைக் காலி செய்யவேண்டிய நெருக்கடியும் இருப்பதால் விலை அப்போது அடிமட்டத்தில் நிற்கும். குறுவை வைக்கோலின் நிலை வேறு. அறுவடை மழைக்காலத்தை ஒட்டி வருவதால் அதில் ஒரு பகுதி நனைந்து வீணாகிறது. அறுவடை இயந்திரங்கள் பரவியபின் தாளின் அடிப்பகுதி வயலிலேயே நின்றுவிடுகிறது. மேற்பகுதி நொறுங்கி விழுகிறது. அதைத் திரட்ட மீண்டும் ஓர் இயந்திரம் தேவைப்படுகிறது.

கொங்குப் பகுதியின் மரபான உலர் தீவனம் சோளத்தட்டு. மானாவாரிக் காடுகளில் தானியத்துக்கும் தட்டுக்குமாகச் சோளம் விதைப்பர். தட்டுக்காகவே நெருக்கி விதைப்பதும் உண்டு. வைக்கோலைவிடச் சோளத்தட்டை மாடுகள் விரும்பித் தின்னும். காங்கேயம், தாராபுரம் பக்கம் மற்றொரு முறை நிலவுகிறது. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர்ந்து, முள்கிளுவை வேலி சூழ்ந்த தனியார் மேய்ச்சல் நிலத்தைக் ‘கொறங்காடு’ என்பர். அங்கே மாடு வேலிக்குள் விடப்பட்டுத் தானே மேய்கிறது. கொறங்காடு இல்லாதவர் குத்தகை கொடுத்தே உள்ளே மாட்டை விடமுடியும்.

கேரளம் மூன்றாவது நிலம். அங்கு 1974-75இல் 8.8 லட்சம் ஹெக்டேராக இருந்த நெல் பரப்பு இன்று 2 லட்சம் ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. வயல் குறைந்தபின்னும் மாடு இருக்கிறது. வைக்கோல் வெளியிலிருந்து வரவேண்டும். பொள்ளாச்சி வழியாகவும் வாளையாறு வழியாகவும் எல்லை கடக்கும் வைக்கோல் லாரிகள் இத்தேவையின் அடையாளம். கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் ஏறத்தாழ நடுவில், கேரள எல்லையை ஒட்டியுள்ள கிணத்துக்கடவில் தீவனம் வாங்குபவர் கேரளத்தின் வாங்கும் சக்தியோடும் போட்டியிடுகிறார்.

இத்தகைய ஏற்றத்தாழ்வு நாடு முழுவதும் உண்டு. பஞ்சாபில் நெல் வைக்கோல் விலைபோகாமல் வயலிலேயே எரிக்கப்படுகிறது. ஆனால் 2022இல் கோதுமை வைக்கோல் தட்டுப்பாடு ஏற்பட்டபோது ஹரியானாவின் சில மாவட்ட நிர்வாகங்கள் அதை வெளியே கொண்டுசெல்லத் தடைவிதித்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் மொத்த விலைக் குறியீட்டில் தீவனத்தின் ஆண்டு விலையேற்றம் 25 சதவீதத்தைத் தாண்டியது. 2023 வறட்சியில் கர்நாடகமும் தீவனம் வெளிமாநிலம் செல்வதைக் கட்டுப்படுத்தியது. நாட்டின் தேவையோடு ஒப்பிடுகையில் உலர் தீவனம் 23.4 சதவீதமும் பசுந்தீவனம் 11.24 சதவீதமும் பற்றாக்குறையாக உள்ளன என்பது ஜான்சியிலுள்ள இந்தியப் புல்வெளி மற்றும் தீவன ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீடு. பற்றாக்குறை நிலவும் சரக்கில் தூரமும் பருவமும் விலையை எளிதில் உயர்த்திவிடுகின்றன.

கிணத்துக்கடவில் மாறிய பயிர்முறை

இவ்வட்டாரத்தில் பாசனம் பெறும் நிலம் பெரும்பாலும் கிணற்றையும் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தையும் நம்பியிருக்கிறது. அத்திட்டத்தின் ஆயக்கட்டு நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு முறைவைத்து நீர் பெறுகிறது. நீர் கிடைக்கும் பருவத்தில் ஒரு மண்டலத்தில் தட்டும் புல்லும் மிகும். அடுத்த பருவத்தில் அதே ஊர் தீவனம் வாங்கும் ஊராக மாறும்.

பயிரும் மாறியிருக்கிறது. சோளக் காடுகளாக இருந்தவற்றில் ஒரு பகுதி தென்னந்தோப்பாகவும் தக்காளித் தோட்டமாகவும் மனைப்பிரிவாகவும் ஆகிவிட்டது. உடுமலை, பல்லடம் பகுதிகளின் கோழிப்பண்ணைத் தொழில் மக்காச்சோளத்தைப் பரப்பியது. மக்காச்சோளத் தட்டு தடித்தது. நறுக்காமல் போட்டால் மாடு பெரும்பகுதியை ஒதுக்கிவிடும். தென்னையோ தட்டு தருவதில்லை. தோப்பின் அடியில் முளைக்கும் புல் மட்டுமே மிஞ்சுகிறது. அந்தப் புல் தோப்புக்காரரின் அனுமதிக்கு உட்பட்டது.

பயிர்மாற்றத்தால் நிலவுடைமையாளர் இழந்தது தீவனத்தை. பெற்றது தேங்காய் வருமானத்தை. நிலமற்றவர் தீவனத்தை இழந்தார். அதற்கு ஈடாக எதையும் பெறவில்லை.

ஒரே ஊரில் இரண்டு விலைகள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 20.01 சதவீதத்தினர் பட்டியலினத்தவர். இந்திய அளவில் 16.6 சதவீதத்தினர். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்திய அளவில் அவர்களிடம் உள்ள நிலவுடைமைகள் ஏறத்தாழ 12 சதவீதம். பரப்பளவில் 9 சதவீதத்துக்கும் குறைவு. ஒரு நிலவுடைமையின் சராசரி அளவு அனைவருக்குமாக 1.08 ஹெக்டேர், பட்டியலினத்தவருக்கு 0.78 ஹெக்டேர். கொங்கில் நிலமற்ற வேளாண் தொழிலாளரில் அருந்ததியர் பெரும்பங்கினர். கோவைப் பகுதிச் சிற்றூர்களில் 1981-82இலும் 1996இலும் ஆய்வு நடத்திய பொருளியலாளர் ஜூடித் ஹேயர், கடனால் பிணைக்கப்பட்ட பண்ணையாள் முறையையும் அதிலிருந்து அம்மக்கள் விலகியதையும் பதிவுசெய்துள்ளார். ஆதிக்கச் சாதியினரின் மாட்டுக்குத் தட்டு அறுத்து, போர் போட்டு, சாணம் வாரிய உழைப்பு அவர்களுடையது. அந்த உழைப்பு அவர்களுக்கு ஒரு கட்டுத் தட்டின்மீதும் உரிமையை அளிக்கவில்லை.

நிலமற்ற குடும்பம் மாடு வளர்க்கும்போது தீவனத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பதற்கு ஐந்து காரணங்களைக் குறிப்பிடலாம்.

முதலாவது, நிலமுள்ளவருக்குத் தட்டு உடன்விளைபொருள். உழவுக்கும் விதைக்கும் ஆன செலவைத் தானியம் ஈடுகட்டிவிடுகிறது. தட்டு வெட்டுகூலியோடு வீடு சேர்கிறது. நிலமற்றவர் அதே தட்டைச் சந்தை விலையில் வாங்குகிறார்.

இரண்டாவது, சேமிக்க இடமில்லை. தை மாதம் மலிவாக வாங்கி வைகாசி வரை வைத்திருக்க வைக்கோல் போருக்கு இடம் வேண்டும். அரசு வழங்கிய இரண்டு, மூன்று சென்ட் வீட்டுமனையில் வீடும் மாடும் நின்றபின் போருக்கு இடம் கிடையாது. தீப்பிடிக்கும் அச்சமும் உண்டு. எனவே சிறிது சிறிதாக, விலை உச்சத்தில் இருக்கும் கோடையிலும் வாங்கவேண்டியிருக்கிறது.

மூன்றாவது, மொத்தமாக வாங்கக் கையில் பணமில்லை. ஒரு லாரி வைக்கோலை நேரடியாக வரவழைப்பவர் ஒரு விலை கொடுக்கிறார். அவரிடமிருந்தோ வியாபாரியிடமிருந்தோ ஐந்து கட்டு வாங்குபவர் சில்லறை விலை கொடுக்கிறார். கடனுக்கு வாங்கினால் விலை இன்னும் ஏறுகிறது.

நான்காவது, அளவையில் ஏமாற்றம். உலர் தீவனம் ஏக்கர் கணக்கிலும் லோடு கணக்கிலும் கட்டுக் கணக்கிலும் விற்கப்படுகிறது. கட்டின் எடை இயந்திரத்துக்கு இயந்திரம், ஈரத்துக்கு ஈரம் மாறும். கிலோவுக்கு என்ன விலை கொடுத்தோம் என்பது வாங்கியவருக்கே தெரியாமல் போகிறது.

ஐந்தாவது, இலவசப் புல்லின் மறைமுக விலை. வரப்பிலும் தோப்பிலும் புல் அறுத்துக்கொள்ள அனுமதி பெறும் பெண், அழைத்த நாளில் அந்தத் தோட்டத்து வேலைக்குச் செல்ல மறுப்பது கடினம். கூலி குறைவு என்று சொல்வது அதைவிடக் கடினம். சாதி மோதல் எழும் வேளையில் ‘இனி வரப்பில் கால்வைக்காதே’ என்ற ஒரு சொல்லால் அவரது மாட்டைப் பட்டினி போட்டுவிட முடியும். எந்த விலைப் பட்டியலிலும் இந்த விலை பதிவாவதில்லை.

ஒரு ரூபாயின் கணக்கு

விலை வேறுபாடு வருமானத்தை எவ்வாறு தின்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். நாளொன்றுக்கு 8 லிட்டர் கறக்கும் கலப்பினப் பசு 6 கிலோ உலர் தீவனமும் 20 கிலோ பசுந்தீவனமும் தின்பதாகக் கொள்வோம். உலர் தீவனம் கிலோவுக்கு 1 ரூபாய் ஏறினால் நாளுக்கு 6 ரூபாய், அதாவது லிட்டருக்கு 75 காசு கூடுதல் செலவு. 4 ரூபாய் ஏறினால் லிட்டருக்கு 3 ரூபாய் கரைந்துவிடும். 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட ஊக்கத்தொகை முழுவதும் அதிலேயே அடங்கிப்போகிறது. பசுந்தீவனம் முழுவதையும் விலைக்கு வாங்குபவருக்குக் கிலோவுக்கு 1 ரூபாய் ஏற்றமே லிட்டருக்கு 2 ரூபாய் 50 காசை எடுத்துக்கொள்ளும்.

கன்று ஈனுவதற்கு முந்தைய இரண்டு மாதங்கள் மாடு கறவை நின்றிருக்கும். பால் வராத அந்நாள்களிலும் அது தின்றாக வேண்டும். சொந்தத் தட்டு உள்ளவருக்கு அது காத்திருக்கும் காலம். தட்டு வாங்குபவருக்குக் கடன் ஏறும் காலம். சினை மாட்டை விற்றுவிடும் முடிவு பெரும்பாலும் இந்த மாதங்களில்தான் எடுக்கப்படுகிறது. வாங்கியவரின் கட்டுத்தரையில் அது கன்று ஈன்று கறக்கத் தொடங்கும். வளர்த்த செலவு ஒருவருக்கும் பால் மற்றொருவருக்கும் என்று முடிகிறது.

பொது மேய்ச்சல் நிலம் எங்கே போயிற்று?

தீவனத்தை விலைக்கு வாங்கும் கட்டாயம் என்றும் இருந்ததன்று. வருவாய்த்துறைப் பதிவேடுகளில் ‘மேய்க்கால் புறம்போக்கு’, ‘மந்தைவெளி’ என்று குறிக்கப்பட்ட நிலங்கள் நிலமற்றவரின் மாட்டுக்கும் ஆட்டுக்கும் மேய்ச்சல் அளித்தன. தமிழ்நாடு உள்ளிட்ட ஏழு மாநிலங்களின் வறண்ட பகுதிகளில் என். எஸ். ஜோதா நடத்திய ஆய்வு 1986இல் வெளியானது. 1950களின் தொடக்கத்துக்கும் 1980களின் தொடக்கத்துக்கும் இடையே பொது நிலப்பரப்பு 31 முதல் 55 சதவீதம் வரை குறைந்ததை அது காட்டியது. அவ்வாறு குறைந்த நிலத்தின் பெரும்பகுதி ஏழைகளின் பெயரால் பிரிக்கப்பட்டும் வசதி படைத்தவரிடமே சென்று சேர்ந்ததையும் அது சுட்டியது.

2011 ஜனவரி 28இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், கிராமப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. நிலமற்ற தொழிலாளருக்கோ பட்டியலின, பழங்குடி மக்களுக்கோ அரசு அறிவிக்கையின்கீழ் குத்தகை வழங்கப்பட்டிருந்தால் அதனை விதிவிலக்காகக் கருதலாம் என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது. ஆக்கிரமிப்பு அகற்றம் என்ற பெயரில் முதலில் இடிக்கப்படுவது சேரிக் குடிசைகள் என்ற அனுபவம் உள்ள இயக்கங்கள் இந்த விதிவிலக்கை நினைவில் வைத்திருப்பது அவசியம்.

1892 செப்டம்பர் 30ஆம் நாள் அரசாணையின்வழி ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தின் கதையும் இதோடு இணைந்தது. செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து பிறந்த அத்திட்டத்தின் நிலங்களில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போய்விட்டது. நிலம் போனது என்றால் விளைச்சல் மட்டும் போகவில்லை. தட்டும் புல்லும் கட்டுத்தரையும் உடன் போயின.

திட்டங்கள் யாரைச் சென்றடைகின்றன?

2011 செப்டம்பர் 15இல் தொடங்கப்பட்ட விலையில்லாக் கால்நடைத் திட்டம் ஐந்தாண்டுகளில் 60,000 கறவைப் பசுக்களையும் 7 லட்சம் குடும்பங்களுக்குத் தலா நான்கு ஆடுகளையும் வழங்க இலக்கு வைத்தது. தாட்கோ வழியாகவும் கறவை மாட்டுக் கடன் கிடைக்கிறது. இவை மாட்டைத் தருகின்றன. மாட்டின் வயிற்றை நிரப்பும் வழியை வாங்குபவரிடமே விட்டுவிடுகின்றன.

தீவனத்துக்கான திட்டங்களோ பெரும்பாலும் நிலத்தை முன்நிபந்தனையாக்குகின்றன. 50 சதவீத மானியத்தில் மின்விசைப் புல் நறுக்கும் கருவி பெற இரண்டு மாடுகளும் மின் இணைப்பும் 0.25 ஏக்கர் தீவனச் சாகுபடியும் கேட்கப்பட்டன. தட்டை விலைகொடுத்து வாங்குபவருக்கே ஒரு துண்டும் வீணாகாமல் நறுக்கும் கருவி அதிகம் தேவை. அவரையே இந்நிபந்தனை வெளியே நிறுத்துகிறது. பட்டியலினத்தவருக்கு ஒதுக்கீடு இருந்தும் நில நிபந்தனை அதன் பயனைக் குறைத்துவிடுகிறது. வேளாண் பல்கலைக்கழகம் கோவையில் உருவாக்கிய கோ-4, கோ-5 ஒட்டுப்புல் ரகங்களும் நடுவதற்குப் பாசன நிலம் உள்ளவருக்கே பயன்படுகின்றன.

வடகிழக்குப் பருவமழை கடுமையாகப் பொய்த்ததைத் தொடர்ந்து 2017 ஜனவரியில் தமிழ்நாடு வறட்சி மாநிலமாக அறிவிக்கப்பட்டது. அப்போது அரசு உலர் தீவனக் கிடங்குகளைத் திறந்து கிலோ 2 ரூபாய்க்கு மானிய விலையில் வைக்கோல் விற்றது. நிலம் கேட்காமல் எடைபோட்டு விற்ற இந்த ஏற்பாடு, பொது விலை சாத்தியமே என்பதைக் காட்டியது. வறட்சி அறிவிப்போடு வந்த அது வறட்சியோடு முடிந்தது. நிலமற்ற குடும்பத்துக்கோ ஒவ்வொரு கோடையும் வறட்சிதான்.

பாலை விற்கும் இடத்திலும் சாதி நிற்கிறது என்பதைச் சேர்த்துச் சொல்லவேண்டும். கன்ஷ்யாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுகதேவ் தோரட் முதலியோர் 11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆய்ந்து 2006இல் வெளியிட்ட நூல், ஏறத்தாழப் பாதிக் கிராமங்களில் தலித்துகள் பால் கூட்டுறவில் பால் விற்கத் தடை நிலவியதைப் பதிவுசெய்தது. தீவனத்தை அதிக விலைக்கு வாங்கிப் பாலைக் குறைந்த விலைக்குத் தனியாரிடம் விற்கும் நிலை இவ்வாறுதான் உருவாகிறது.

கோரிக்கைகளும் களப்பணியும்

குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கப்படும் 22 பயிர்களில் தீவனப்பயிர் இல்லை. ஊர்தோறும் தீவன விலையை அன்றாடம் அறிவிக்கும் ஏற்பாடும் இல்லை. ஆகவே தரவைத் திரட்டுவதே முதல் பணி. கல்லூரி மாணவர்கள் தம் ஊரில் மாதம் ஒருமுறை விலையைப் பதிவுசெய்யலாம். அப்போது ஐந்து செய்திகளைத் தவறாமல் குறிக்கவேண்டும்: கட்டின் உண்மையான எடை, வயலில் விலையா, வீட்டுவாசலில் விலையா, ரொக்கமா, கடனா, வாங்கியவருக்கு நிலம் உண்டா, புல் அறுக்க அனுமதி யாரிடம் பெறப்படுகிறது. கடைசி இரண்டும் இன்றித் திரட்டும் தரவு, தூரத்தின் விலையைக் காட்டும். சாதியின் விலையை மறைத்துவிடும்.

இரண்டாவது, ஊரின் ‘அ’ பதிவேட்டில் மேய்க்கால் புறம்போக்கு எனக் குறிக்கப்பட்ட புல எண்களையும் அவற்றின் இன்றைய நிலையையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறலாம். மீதமுள்ள நிலத்தில் தீவனம் வளர்க்கும் பொறுப்பையும் அறுக்கும் உரிமையையும் நிலமற்ற பட்டியலினப் பெண்களின் குழுக்களுக்கு வழங்கக் கோரலாம்.

மூன்றாவது, அரசிடமும் ஆவினிடமும் வைக்கவேண்டிய கோரிக்கைகள். தை, மாசியில் டெல்டாவில் வைக்கோலைக் கொள்முதல் செய்து கோடையில் எடைபோட்டு விற்கும் கிடங்குகளை, சேரிகளுக்கு நடந்துசெல்லும் தொலைவில், ஆண்டுதோறும் இயக்கவேண்டும். பால் பணத்தில் பிடித்துக்கொள்ளும் முறையில் நிலமற்ற உறுப்பினருக்கு உலர் தீவனம் வழங்கவேண்டும். தீவனத் திட்டங்களில் நிலமற்றோருக்கு நில நிபந்தனையை நீக்கவேண்டும். 2023-24 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட நன்னிலம் திட்டம், நிலமற்ற பட்டியலின மகளிர் நிலம் வாங்க 50 சதவீதம், உச்சமாக 5 லட்சம் ரூபாய் மானியம் தருகிறது. கோவை மாவட்ட நில விலையில் அத்தொகை எத்தனை சென்ட் வாங்கப் போதுமானது என்ற கேள்வியோடு, அத்திட்டத்தை வட்டார நில மதிப்புக்கேற்ப விரிவாக்கக் கோருவதும் தேவை.

2019 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 95 லட்சம் மாட்டினங்கள் உள்ளன. அடுத்த முறை பால் விலை உயர்வு அறிவிக்கப்படும்போது, அந்த உயர்வில் எத்தனை காசு நிலமற்றவரின் கையில் தங்குகிறது, எத்தனை காசு தட்டு விற்றவரிடம் செல்கிறது என்ற கணக்கை இயக்கங்கள் தம் ஊர்த் தரவோடு முன்வைக்கவேண்டும்.